இன்னைக்குத் தேதிக்கு

சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒருவர் திருச்செங்கோட்டில் இருந்தார். அவரை விட்டுவிட்டுச் சட்டம் மட்டும் மாறிப்போனது. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவர் பேர் அர்த்தநாரி. மலைமேல் இருக்கும் சாமியின் பேர் என்பதால் அந்த ஊரில் தெருவுக்கு நாலு அர்த்தநாரி உண்டு. குழப்பம் வராமலிருக்க இவரை 'வாய்ச்சட்டம் அர்த்தநாரி' என்றார்கள். காலமெல்லாம் ஒரே ஆடிட்டரிடம் வேலை பார்த்தவர். விற்பனை வரியில் எந்தச் சரக்குக்கு என்ன விகிதம், எந்தப் பிரிவு, யாருக்கு விலக்கு என்று கேட்டால் போதும். கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். புத்தகத்தைத் தொட மாட்டார். தொட்டால் இழுக்கு என்று நினைத்தார்.

பிறகு விற்பனை வரி போய் ஜி.எஸ்.டி. வந்தது. அதையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். முக்கால்வாசி முடிந்திருக்கும்போது கவுன்சில் கூடி விகிதத்தை மாற்றியது. மாறியதை மனப்பாடம் செய்தார். திருத்தம் வந்தது. திருத்தத்தைப் படித்தார். அதற்கு ஒரு விளக்கம் வந்தது. இதற்கிடையில் பழைய ஆடிட்டர் காலமானார். அவர் மகன் ரொம்ப மரியாதையாக, நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க அங்கிள் என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

வீட்டில் ரெஸ்ட் எடுப்பது அர்த்தநாரிக்கு ஆகவில்லை. ஒரு காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வேலூர் ரோட்டுக்குப் போனார். அங்கே டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல் மாடியில் கோகிலவாணியின் அலுவலகம் இருந்தது.

கோகிலவாணிக்கு அவருடைய மகள் வயதுகூட இருக்காது. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் இரும்பு ராடு தூக்கிய ஒருவரின் பெண். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். வரி ஆலோசகருக்கான தேர்வெழுதி, யாரிடமும் வேலைக்குச் சேராமல் தனியாக உட்கார்ந்துவிட்டாள். வாடகை குறைவு என்பதால் அந்த மாடி. எந்நேரமும் வெந்த ரப்பர் வாசனை.

அர்த்தநாரி சுற்றி வளைக்கவில்லை.

"புதுச் சட்டத்தைச் சொல்லிக் குடு அம்மிணி. முழுசா. ஒருக்கா முடிச்சுட்டன்னா அப்புறம் நான் பாத்துக்குவேன். சம்பளம் வேண்டாம்."

அவள் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சம்பளம் உண்டு, முடிப்பதைப் பற்றித்தான் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள்.

அப்படி அவர் அவளுக்குச் சிஷ்யரானார். சிஷ்யர் என்று பேர் வைத்தது கீழே இருந்த டயர் கடைக்காரர். தினமும் படியேறும்போது, "என்னுங்க சிஷ்யரே, குரு வந்தாச்சுங்களா?" என்பார். அர்த்தநாரி காதில் விழாததுபோல ஏறிவிடுவார்.

அங்கே அவருக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று இருந்தது. யார் எதைக் கேட்டாலும் கோகிலவாணி உடனே பதில் சொல்ல மாட்டாள். கணினித் திரையைக் கேட்டவர் பக்கம் திருப்பி வைப்பாள். அரசாங்கத் தளத்தைத் திறப்பாள். கடைசியாக எந்தத் தேதியில் அறிவிப்பு வந்திருக்கிறது என்று வாய்விட்டு வாசிப்பாள். அப்புறம்தான், "இன்னைக்குத் தேதிக்கு..." என்று தொடங்குவாள். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயமாக இருந்தாலும் இதே கதைதான். ஊரில் அவளுக்கு 'இன்னைக்குத் தேதி அம்மிணி' என்றே பேர் ஆகிவிட்டது.

ஒருநாள் இரண்டு பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து வந்தார்கள். வருமான வரியில் பழைய முறை நல்லதா, புதிய முறை நல்லதா என்பதுதான் கேள்வி. முதல் ஆசிரியருக்குப் பார்த்துச் சொன்னாள். இரண்டாமவர் அதையே கேட்டார். அவள் முதலிலிருந்து திறந்து, தேதி வாசித்து, விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டே போனாள். இப்பத்தானே பாத்தீங்க என்று முதல் ஆசிரியர் சிரித்தார்.

"அது உங்களுக்குப் பாத்ததுங்க" என்றாள்.

அவர்கள் போனதும் அர்த்தநாரி பொறுக்க முடியாமல் கேட்டார்.

"அதான் உனக்குத் தெரியுமே. தெரிஞ்சதை எதுக்கு அம்மிணி பாக்கறே?"

"தெரிஞ்சதுனாலதானுங்க சார்."

"தெரியாதவன்னுதான் நெனைப்பாங்க."

"நெனைக்கட்டுங்க."

அவருக்கு அது வீம்பாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு வேறு ஒன்றில் இருந்தது. வந்ததிலிருந்து கேட்க நினைத்ததை அன்று கேட்டுவிட்டார்.

"எப்பத்தான் இதைப் படிச்சு முடிக்கறது?"

"யாருங்க முடிக்கச் சொன்னது?"

இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனார். பெண்பிள்ளைக்குப் பாடம் சொல்லத் தெரியவில்லை என்று முடிவு செய்தார். தானே மனப்பாடம் செய்யத் தொடங்கினார்.

அந்த வயதில் அப்படிப் படித்தவர் இருக்க முடியாது. டீக்கடையில் நிற்கும்போது உதடு அசையும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏதோ மந்திரம் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டம் மறுபடியும் அவர் வாய்க்கு வந்து சேர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கோகிலவாணி ஒரு வேலையாக ஈரோடு போயிருந்த நாளில் மயில்ராஜ் வந்தார். ஒரே ஒரு ரிக் வண்டி வைத்திருப்பவர். அந்த வண்டியும் கடனில் ஓடுவது. வெளிமாநிலத்துக்குப் போர் போடப் போகிறது வண்டி. போகிற மாநிலத்தில் தனியாக வரிப் பதிவு எடுக்க வேண்டுமா என்று கேட்டார். அவர் மாதிரிச் சின்ன ஆட்களுக்கு அதில் ஒரு சலுகை உண்டு என்று அர்த்தநாரிக்குத் தெரியும். பிரிவு தெரியும், உட்பிரிவு தெரியும். திரை இருட்டாகக் கிடந்தது. அதைத் தொடாமல் சொன்னார்.

"வேண்டியதில்லை. தைரியமாப் போங்க."

மயில்ராஜ் கும்பிட்டுவிட்டுப் போனார். பழைய காலம் திரும்பிவந்ததுபோல் இருந்தது அர்த்தநாரிக்கு.

மறுநாள் காலையில் கோகிலவாணி வழக்கம்போலத் தேதி வாசித்தாள். வாசித்தவள் அப்படியே நின்றாள். முந்தின நாள் காலையிலேயே வந்த அறிவிப்பு அந்தச் சலுகையை எடுத்திருந்தது. நேற்று இதை யாராவது கேட்டார்களா என்றாள். அர்த்தநாரி மயில்ராஜ் பேரைச் சொன்னார். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அவரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

மலையடிவாரத்தில் வண்டிக்குப் பூசை முடிந்திருந்தது. மாலை போட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். டிரைவர் என்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். கோகிலவாணி ஸ்கூட்டரைக் கொண்டுபோய் வண்டிக்கு நேர் முன்னால் நிறுத்தினாள்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஓரமாக நில்லுங்கள் என்றார் மயில்ராஜ். அவள் நகரவில்லை.

"நேத்து எங்க ஆபீஸ்ல சொன்னது தப்புங்க. இன்னைக்குத் தேதிக்கு அந்தச் சலுகை இல்லை. பதிவு எடுக்காம வண்டி எல்லை தாண்டுனா, புடிச்சு வெச்சுக்குவாங்க."

மயில்ராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய்க்கு வந்தபடி பேசினார். சீசன் தொடங்கிவிட்டது, ஆட்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், பூசை போட்ட வண்டியை நிறுத்துவதா என்றார். ஒரு வார்த்தையை ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லாதவர்களுக்கு எதற்கு ஒரு ஆபீஸ் என்றார். கூடி நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்தான் சொன்னார் என்று அவள் இப்போது கைநீட்டிக் காட்டுவாள் என அர்த்தநாரி காத்திருந்தார். அவள் காட்டவில்லை. பேச்செல்லாம் முடியும்வரை நின்றாள். பதிவு கிடைக்கும்வரை தானே அலைவதாகச் சொன்னாள். டிரைவர் என்ஜினை அணைத்தான்.

திரும்பும் வழியில் அர்த்தநாரி கேட்டார்.

"நான்தான் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே, அம்மிணி."

"அவரு கேட்டது ஆபீஸைத்தானுங்க."

கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும் சொன்னார்.

"நான் படிச்சதுல ஒரு எழுத்துப் பிசகலை."

"பிசகலீங்க" என்றாள்.

பதிவு வாங்கிக் கொடுத்த பிறகு மயில்ராஜ் தன் கணக்கை வேறு ஆளிடம் கொண்டுபோய்விட்டார்.

இதற்குப் பிறகு அர்த்தநாரி திருந்திவிட்டார் என்று நினைத்தால் தப்பு. அவருக்குப் பட்டது வேறு. தன் மனப்பாடத்தில் குறை இல்லை, ஒருநாள் பிந்திவிட்டது, அவ்வளவுதான். இனி பிந்தாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. விடிந்ததும் முதல் காரியமாகப் புது அறிவிப்புகளைப் படித்து அன்றன்றைக்கே மனப்பாடம் செய்தார். அறிவிப்பு எத்தனை வேகமாக வந்தாலும் அவர் அதைவிட வேகமாக ஓடினார். கோகிலவாணி மட்டும் எப்போதும்போலத் திரையைத் திருப்பித் தேதி வாசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் செங்கோட்டுவேலு மாடியேறி வந்தார். ரிக் உரிமையாளர் சங்கத்தின் தலைவர். அவர் வண்டிகள் ஓடாத மாநிலம் குறைவு. கோகிலவாணியின் அப்பா ராடு தூக்கியது இவர் வண்டியில்தான். அதை மறக்கவும் மாட்டார், மற்றவர்களை மறக்கவிடவும் மாட்டார்.

சங்கத்துக்கென்று ஒரு வரி ஆலோசகரை வைக்கப் போகிறார்களாம். சங்கக் கட்டடத்தில் தனி அறை, வாசலில் பேர்ப் பலகை. ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி, உறுப்பினர்கள் கேட்பதற்கெல்லாம் நின்ற இடத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்கிறவருக்குத்தான் அந்த அறை.

கோகிலவாணியை வைத்துக்கொண்டே சொன்னார்.

"அம்மிணி மாதிரி பொட்டியைப் பாத்துச் சொல்றதுன்னா எம் பேரனே சொல்லிருவானுங்க. எங்களுக்கு வேணுங்கறது வாய்ச்சட்டம்."

அந்தப் பேரை அப்படி இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அர்த்தநாரி எழுந்து நின்றார். வருகிறேன் என்றார்.

கூட்டத்துக்கு முதல் நாள் அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனார். கோபப்படுவாள், இல்லை வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தார். போய்ட்டு வாங்க சார் என்றாள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பம்மா என்று கேட்டார்.

"மண்டபத்துல செல்லு டவர் கெடைக்குதான்னு பாத்துக்குங்க."

குரு சொல்கிற பேச்சா இது என்று முனகிக்கொண்டே படியிறங்கினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. சீசன் முடிந்து ஊர் திரும்பிய முதலாளிகள் வெள்ளை வேட்டியில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் லட்டும் காபியும். முன் வரிசையில் நாமக்கல்லிலிருந்து வந்த இன்னொரு ஆலோசகர், தன் முறைக்காகக் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார். அர்த்தநாரியை முதலில் மேடைக்கு அழைத்தார்கள். வாய்ச்சட்டம் என்று செங்கோட்டுவேலு மைக்கில் சொன்னதும் பழைய ஆட்கள் கைதட்டினார்கள். காலையில்தான் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தார். எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் தயார்.

முதல் கேள்வியைக் கேட்கப் பின் வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தார். மயில்ராஜ்.

வம்புக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. அன்று ஆபீஸுக்கு வந்த அதே முகம்தான். தன் தம்பியும் ஒரு வண்டி வாங்கியிருக்கிறான், நாளைக்குப் பூசை, வெளிமாநிலம் போகிறது, எந்தெந்தப் பதிவு வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார்.

பதில் அர்த்தநாரியின் நாக்கு நுனியில் இருந்தது. காலையில் பார்த்ததுதான். வாயைத் திறந்தால் போதும், அறை அவருடையது. அவர் மயில்ராஜைப் பார்த்தார். அந்த மனிதர் ஒரு கையால் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நின்றார். இவர் வாயிலிருந்து வரும் வார்த்தையை வாங்கிக்கொண்டு நேராகப் போய் எலுமிச்சம்பழத்தை வைத்துவிடுவார். இப்போது கணக்குப் பார்க்கும் ஆளைக்கூடக் கேட்க மாட்டார்.

அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார்.

மண்டபத்தில் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு சிரிப்பு. தெரியாதுங்களா என்று செங்கோட்டுவேலு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தெரியுமுங்க."

"அப்பச் சொல்லுங்க."

"பாத்துட்டுச் சொல்றேன்."

பெரியவருக்கு மறந்துபோச்சாட்டம் இருக்குது என்று ஒரு குரல் வந்தது. அந்த அம்மிணிகிட்டச் சேர்ந்தா அப்படித்தான் என்றது இன்னொன்று. யாரோ விசிலடித்தார்கள். செல்லில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டவர் ஒரு கோடுதான் காட்டியது. அவர் செல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு இன்னும் கூடியது.

செங்கோட்டுவேலு மைக்கைக் கையால் மூடினார். உங்களை எதுக்கு இங்க கூப்பிட்டோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அர்த்தநாரி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார் மைக்கில். "தெரிஞ்சதைத்தான் பாக்கறேன். பாக்காம இந்த வாயிலிருந்து இனி ஒரு வார்த்தை வராது. அந்த அறை வேண்டியதில்லை. சிரிக்கறவங்க நல்லாச் சிரிச்சுக்குங்க. டவர் கம்மியா இருக்குது, நேரமாகும்."

உண்மையாகவே நேரமானது. சிரிப்பு தானாகக் களைத்துப் போனது. காபி டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது. மயில்ராஜ் மட்டும் உட்காராமல் நின்றார்.

பக்கம் திறந்தது. அர்த்தநாரி முதலில் தேதியை வாசித்தார். பிறகு, "இன்னைக்குத் தேதிக்கு..." என்று தொடங்கினார். அந்த வார்த்தைக்கு மண்டபமே மறுபடி ஒருமுறை சிரிப்பில் அதிர்ந்து அடங்கியது. அவர் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தார். மயில்ராஜ் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது கேள்விக்கு மைக் அவரிடம் வரவில்லை. நாமக்கல்காரர் மேடைக்குப் போனார். எதையும் பார்க்கவில்லை. கேட்டதற்கெல்லாம் படபடவென்று சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் கைதட்டல். மாலையை அவருக்கே போட்டார்கள்.

அர்த்தநாரி லட்டு வாங்காமல் வெளியே வந்தார். வெயிலில் நடந்தே வேலூர் ரோட்டுக்குப் போனார். செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. டயர் கடைக்காரர் வாயைத் திறந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்க என்று மட்டும் சொன்னார்.

மாடியில் ஒரு கிரில் பட்டறைக்காரருக்குக் கோகிலவாணி திரையைத் திருப்பி வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் போகும்வரை அர்த்தநாரி சுவரோரமாக நின்றார். அவருடைய நாற்காலி இடம் மாறாமல் அப்படியே கிடந்தது. உட்காரவில்லை.

நடந்ததையெல்லாம் சொன்னார்.

"ஒரு எழுத்து மாறலீங்க அம்மிணி. காலைல நான் பாத்தது எப்படியோ அப்படியேதான் இருந்துச்சு. பாக்காமச் சொல்லியிருந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும். பேரும் போச்சு, அறையும் போச்சு. மாறாத ஒண்ணுக்குப் போய் ஊரே சிரிக்க நின்னேன்."

கோகிலவாணி திரையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள்.

"மாறலைன்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"அதான் செல்லுல பாத்தேனே" என்றார் அர்த்தநாரி. சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.